பேட்டரியின் ஆயுளும் பெரியப்பாவின் ஆயுளும்

"பேட்டரி பத்து வருடம் தாங்கும்" என்று, பெரியப்பாவுக்கு இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்திய டாக்டர் சொன்னபோது பெரியம்மாவின் முகம் வாடிவிட்டது. பெரம்பூர் வீட்டுக்குத் திரும்பியதும் என்னைத் தனியே அழைத்து, "அப்படியென்றால் இவருக்கு இன்னும் பத்து வருடம்தானா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்கு அப்போது வயது 74. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கிற பேட்டரியை எத்தனை முறை மாற்றியிருப்போம், பெட்டியையா தூக்கிப் போட்டோம்?" என்றார். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவரின் ஆயுளைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நம் ஊரில் 'பிளாக்' என்ற ஒரு சொல் இரண்டு நோய்களைக் குழப்பிவிடுகிறது. ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வதும் பிளாக். இதயத்தின் மின்னோட்டம் வழியில் அறுந்துபோவதும் பிளாக். முதலாவதற்குக் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைப்பார்கள், இரண்டாவதற்குத்தான் பேஸ்மேக்கர். இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்றொரு சிறு திசு இருக்கிறது. துடிப்புக்கான மின் தூண்டல் அங்கே பிறந்து, நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சு வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. முதுமையில் இந்தப் பாதை நார்த்திசுவாகி இறுகிப்போவதுண்டு. நிமிடத்துக்கு மேலறை 80 முறை துடிக்க, கீழறை தன் போக்கில் 35 முறை துடிக்கும். பெரியப்பா குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தது அப்படித்தான். பேஸ்மேக்கர் வருவதற்கு முந்தைய காலத்தில், இப்படி மயங்கி விழும் முழு ஹார்ட் பிளாக் நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள்.

கருவி என்னவோ சிறியதுதான். எடை முப்பது கிராமுக்குள் இருக்கும். காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி ஒரு பை போல் செய்து அதில் வைத்துவிடுகிறார்கள். அதிலிருந்து புறப்படும் கம்பி சிரை வழியாக உள்ளே போய், வலது கீழறையின் உட்சுவரில் ஒரு சிறு திருகால் பற்றிக்கொள்கிறது. அது ஓயாமல் மின்சாரம் பாய்ச்சுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான நேரம் அது கேட்டுக்கொண்டிருக்கிறது. துடிப்பு தானாக வந்தால் பேசாமல் இருக்கும். குறித்த நேரத்தில் வராவிட்டால் மட்டும் ஓரிரு வோல்ட் அளவில், ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தூண்டிவிடும்.

உடலுக்குள் முதன்முதலாக இக்கருவி பொருத்தப்பட்டவர் ஸ்வீடன் நாட்டின் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று மருத்துவர் ஓகே சென்னிங் பொருத்தினார். கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். பூட்ஸ் பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. மாற்று ஒன்றை வைத்தார்கள். பிறகு இன்னொன்று. மொத்தம் 26 கருவிகளோடு வாழ்ந்த லார்சன், அதைச் செய்தவருக்கும் பொருத்தியவருக்கும் பின்னும் உயிரோடு இருந்து, 2001இல் தன் 86ஆம் வயதில் இறந்தார். காரணம் தோல் புற்றுநோய். இதயம் அல்ல.

எல்லாருக்கும் அந்த ஆயுள் வாய்ப்பதில்லை. நெதர்லாந்தில் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட 1,500க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டு கழித்து 93 சதவீதம் பேர் உயிரோடு இருந்தனர்; ஐந்தாண்டில் 69 சதவீதம்; ஏழாண்டில் 61. இந்த எண்களைப் பார்த்துப் பதறுவதற்கு முன், அவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: கருவி வைக்கும்போது வேறு இதய நோய் இல்லாதவர்கள், அதே வயதுள்ள மற்ற மக்களைப் போலவே வாழ்ந்தார்கள். ஆயுளைக் குறைப்பது கருவி அல்ல, கூடவே இருக்கும் மற்ற நோய்களே.

அந்த நோய்களில் முதலாவது இதயத் தசையின் பலவீனம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்தபின் நம் டாக்டர்கள் 'பம்பிங் குறைவு' என்று சொல்வது இதைத்தான். பேஸ்மேக்கர் தாளம் போடும். பாடுவது தசையின் வேலை. அடுத்தது சிறுநீரகம். அது தளர்ந்தால் உப்பும் நீரும் உடலில் தேங்கி இதயத்தின் மேல் சுமையாக விழும். நம்மிடையே வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரை நோய், தசை, சிறுநீரகம், ரத்தக் குழாய் மூன்றையும் ஒருசேர அரிக்கிறது. பழைய மாரடைப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், கூடிய வயது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் சத்தமில்லாமல் வரும். மேலறைக்குள்ளும் கம்பி இருந்தால் பேஸ்மேக்கர் அதைக் கண்டு குறித்துவைத்துக்கொள்ளும். உயர் ரத்த அழுத்தம் உள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், கருவி வைத்த மூன்று மாதங்களுக்குள் பத்தில் ஒருவருக்கு, அவர் அறியாமலே, மேலறையின் இந்த ஒழுங்கற்ற துடிப்பு வந்துபோனது தெரிந்தது. அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கருவியைச் சோதிக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் மன்றாடுவது பேட்டரிக்காக அல்ல, இந்தக் குறிப்புகளுக்காக.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காப்பாற்றும் கருவியே சிலருக்குத் தசையைத் தளர்த்திவிடும். இயற்கையான பாதையில் மின்னோட்டம் இரண்டு கீழறைகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அடைகிறது. வலது கீழறையில் தூண்டினாலோ, அது தசை வழியாக ஊர்ந்து இடப்பக்கம் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஒரே துடிப்புக்குள் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி. இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால், எப்போதும் கருவியையே நம்பியிருக்கும் நோயாளிகளில் பத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குப் பம்பிங் குறைகிறது. அதனால்தான் இப்போது கம்பியை இதயத்தின் சொந்த மின்பாதைக்கே கொண்டுபோய்ப் பொருத்தும் முறை பரவி வருகிறது. வேறு சிலருக்கு இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் கருவி உண்டு.

கருவி வைத்த இடம் சிவந்து வீங்கினாலோ சீழ் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று கம்பி வழியே ரத்தத்துக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. கருவி முழுவதையும் வெளியே எடுக்க நேரும். ஆனால் எங்கள் வீட்டில் பயந்தது வேறு எதற்கெல்லாமோ. செல்போனைக் கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். இண்டக்ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி விலகி நின்றால் போதும். மெட்ரோ ரயில் நிலையத்தின் சோதனை வாயிலில் நின்றுவிடாமல், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்து போகலாம்.

பெரியம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார்: "கடைசிக் காலத்தில் இது உயிரைப் பிரிய விடாமல் இழுத்துக்கொண்டே இருக்குமா?" இழுக்காது. ஆக்ஸிஜன் இழந்த தசை எந்தத் தூண்டலுக்கும் அசையாது. கருவி துடித்துக்கொண்டிருந்தாலும் இதயம் நின்றுவிடும். தகனத்துக்கு முன் அதை எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம், பேட்டரி வெப்பத்தில் வெடிக்கும் என்பதுதான்.

கடந்த மாதம் சோதனைக்கு நானும் உடன் சென்றேன். மார்பின் மேல் தட்டையான ஒரு கருவியை வைத்து, மடிக்கணினி போன்ற பெட்டியில் எண்களைப் பார்த்தார் டெக்னீஷியன். துடிப்பின் வேகத்தை மெல்லக் குறைத்தார். பெரியப்பா ஒருகணம் கண்ணை மூடிக் கட்டிலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டார். டெக்னீஷியன் உடனே வேகத்தைப் பழையபடி ஏற்றிவிட்டார். காகிதச் சுருளில் 97 சதவீதம் என்று அச்சாகி வந்தது. நூறு துடிப்பில் 97 கருவியுடையது. "பேட்டரி இன்னும் ஆறு வருடம் வரும்" என்றார் டெக்னீஷியன்.

"அது இருக்கட்டும், எக்கோ எப்போது எடுக்க வேண்டும்?" என்று கேட்டார் பெரியப்பா.