சுத்துற சத்தம் வாங்கப் போறியளா?

கிறிஸ்துமஸ் கேரல் சீசன் தொடங்கிவிட்டால் என் மேசையில் இடம் இருக்காது. நாகர்கோவிலில் ஆம்ப், மிக்சர், கீபோர்டு, பெடல் எல்லாம் பழுது பார்க்கிற வேலை எனக்கு. நவம்பர் கடைசியிலிருந்தே சபைகளில் இருந்து ஆள் வந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு சாயங்காலம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். கையில் ரோட்டரி பெடல்; சத்தம் சுழல்கிற மாதிரி கேட்கவைக்கிற, காலால் மிதிக்கும் பெட்டி. வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை.

"அண்ணே, இது டூப்பு சாதனம் போல. யூடியூப்ல கேட்டப்போ அப்படியே தலையைச் சுத்திச்சு. சபையில போட்டா சுத்தவே மாட்டேங்கு."

மேசையில் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். அருமையாகச் சுற்றியது. "எப்படி மக்கா கனெக்‌ஷன் குடுத்த?" என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. பெடலின் இடது, வலது அவுட் இரண்டையும் மிக்சரில் இரண்டு சேனலில் செருகியிருக்கிறான். சத்தத்தை இடமோ வலமோ தள்ளும் பேன் குமிழ் இரண்டிலும் நடுவில். சபையில் உள்ள பாக்ஸ் அத்தனையும் ஒரே சிக்னலில் ஓடுகிறவை. ரோட்டரி பெடலின் ஸ்டீரியோவில் இடப்பக்கம் சத்தம் ஏறும்போது வலப்பக்கம் இறங்கும். சுற்றுகிறது என்று காதை நம்பவைப்பதே அந்த ஏற்ற இறக்கம்தான். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பெடலில் ஒரு கோளாறும் இல்லை.

அதனால், ரோட்டரி பெடல் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் பெடலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பாக்ஸைப் பற்றித்தான் கேட்பேன். சபையானாலும், கோயில் கொடைக்குக் கச்சேரியானாலும், கல்யாண மண்டபமானாலும் நம் பக்கத்தில் பெரும்பாலும் எல்லா பாக்ஸிலும் ஒரே சிக்னல் ஓடுகிற மோனோதான். ஹெட்ஃபோனில் ஸ்டீரியோ டெமோவைக் கேட்டு மயங்கி வாங்கினால், அந்த மயக்கம் மேடைக்கு வராது. வாங்கும் முன் ஒற்றை அவுட்டில், ஒற்றை ஆம்பில் கேளுங்கள். பெரும்பாலான பெடல்களில் மோனோ என்று எழுதிய ஒரு ஜாக் இருக்கும். அதில் மட்டும் செருகினால் மோனோவுக்கென்றே கலந்து கொடுக்கும். சிலது வெறும் இடப்பக்கத்தை மட்டும் தரும். அதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது? ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்சார ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தது. டொனால்ட் லெஸ்லி என்ற அமெரிக்கர் அதை வீட்டில் வைத்து வாசித்தபோது, பெரிய கூடத்தில் கேட்ட உயிர் அதில் இல்லை. ஸ்பீக்கர் முன்னால் சுழலும் பாகங்களைப் பொருத்தி அவர் செய்த பெட்டி 1940களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. லாரன்ஸ் ஹாமண்டுக்கு அது பிடிக்கவே இல்லை. வாசிக்கிறவர்களுக்குப் பிடித்துவிட்டது, பிறகு ஆர்கன் முதலாளியின் கருத்தை யார் கேட்பார்கள்!

பெட்டிக்குள் மேலே ஒரு கொம்பு சுழலும். பார்க்க இரண்டு கொம்பு தெரியும்; ஒன்றில்தான் சத்தம் வரும், மற்றது எடை சமநிலைக்கு. கீழே 15 அங்குல ஸ்பீக்கர், அதன் அடியில் சுழலும் உருளை. 800 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது கொம்புக்கு, கீழே உள்ளது உருளைக்கு. கொம்பின் வாய் நம்மை நோக்கி வரும்போது சுருதி துளி ஏறும், விலகும்போது இறங்கும். கன்வென்ஷன் அறிவிப்புச் சொல்லிக்கொண்டு குழாய் கட்டிய ஜீப் நம்மைத் தாண்டிப் போகும்போது குரல் ஏறி இறங்குவது இதே சமாச்சாரம்தான். சின்ன வயதில் டேபிள் ஃபேனுக்கு முன்னால் வாயை வைத்து "ஆ..." என்று கத்தியிருப்போம். அது வேறு. அங்கே இறக்கை சத்தத்தை வெட்டுகிறது. ட்ரெமோலோ பெடல் அந்த ஜாதி. ரோட்டரியில் வெட்டு, சுருதி அசைவு, தொனி மாற்றம் மூன்றும் ஒன்றாக நடக்கும்.

கிட்டார்காரர்கள் கவனிக்கவேண்டியது அந்த 800 ஹெர்ட்ஸ் கணக்கு. முதல் கம்பியில் பதினைந்தாம் ஃப்ரெட்டில் வரும் சுரமே 784 ஹெர்ட்ஸ்தான். அதாவது நாம் வாசிக்கிற சுரங்களின் அடிப்படை ஒலி கிட்டத்தட்ட முழுவதும் கீழ் உருளைக்குப் போகிறது. மேலே கொம்புக்குப் போவது அந்த அடிப்படை ஒலியோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் (ஹார்மோனிக்ஸ்) மட்டும். கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புகளில் கழுத்துப்பக்கத்தில் உள்ளதை வைத்து, டோன் குமிழை முழுக்கக் குறைத்து வாசித்துவிட்டு "மேலே ஒண்ணுமே சுத்தல" என்றால் பெடல் என்ன செய்யும்? பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்புக்கு மாறுங்கள், அல்லது ரோட்டரிக்கு முன்னால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை லேசாகப் போடுங்கள். லெஸ்லி பெட்டியிலும் வால்வ் ஆம்ப் கரகரத்த பிறகுதான் சத்தம் சுழலும். ஓவர்டிரைவைப் பின்னால் போட்டால் சுழற்சியை நசுக்கிவிடும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் மட்டும் கடைசியில்.

மோனோவில் ஸ்டீரியோ வித்தை போய்விட்டால் மிச்சம் என்ன? வேகம் மாறுகிற அந்த இடைவேளை. என் காதுக்கு ரோட்டரியின் உயிரே அதுதான். மெதுவான வேகத்தில் கொம்பு நிமிடத்துக்கு 40, 50 சுற்று. வேகமானதில் 400க்குப் பக்கம், விநாடிக்கு ஆறேழு. ஆனால் சுவிட்சை மிதித்ததும் டக்கென்று மாறாது. கொம்பு இலேசானது, ஒரு விநாடியில் வேகம் பிடிக்கும். உருளை கனம், பைய பைய நாலைந்து விநாடி எடுத்துக்கொள்ளும். ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று எழும்பும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: சின்ன காற்றாலை முதலில் ஓடத் தொடங்கும், பெரியது சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் வரும்.

கடையில் சோதிக்கும்போது இதைத்தான் பாருங்கள். அடிக்கம்பியையும் மேல்கம்பிகளையும் சேர்த்து ஒரு கார்டு மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வேகச் சுவிட்சை மிதியுங்கள். மேல்சத்தமும் அடிச்சத்தமும் வெவ்வேறு நேரத்தில் வேகம் ஏறினால் அது உண்மையான ரோட்டரி. எல்லாம் ஒன்றாகத் துள்ளினால் அது கோரஸ், ஃபேசர் என்று சத்தத்தை வெறுமனே அலையவைக்கும் பெடலுக்குப் போட்ட புதுச் சட்டை.

யூனிவைப் வகைப் பெடல்களையும் ரோட்டரி என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. 1960களில் ஜப்பானின் ஷின்-ஏ நிறுவனத்துக்காக ஃபுமியோ மியேடா வடிவமைத்தது அது. நடுவில் ஒரு பல்பு துடிக்கும், சுற்றிலும் நாலு ஒளி உணரிகள். 1969 வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வைத்திருந்தது அதுதான். அழகான சத்தம், எனக்கும் பிடிக்கும். கொம்பும் உருளையும் தனித்தனியே சுழல்வது மட்டும் அதில் கிடையாது.

பேர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: நியோ இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வென்டிலேட்டர், ஸ்ட்ரைமன் லெக்ஸ், பழையதில் கிடைத்தால் பாஸ் ஆர்டி-20. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் லெஸ்டரில் ஜி என்பது கிட்டாருக்கு, கே என்பது கீபோர்டுக்கு; மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். உங்களிடம் பல பெடல்களின் வேலையை ஒன்றே செய்கிற மல்டி எஃபெக்ட்ஸ் இருந்தால் அதற்குள்ளேயே ரோட்டரி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்பிப் பாருங்கள். இரண்டாவது, சபைக் கீபோர்டில் ஆர்கன் சத்தத்தைப் போட்டு மாடுலேஷன் சக்கரத்தைத் தள்ளிப் பாருங்கள். பல கீபோர்டுகளில் ரோட்டரி வேகம் அதில்தான் மாறும். ஒரு வாரம் அதைக் கேட்டால் காது பழகிவிடும். சிலருக்கு ஆசையும் தீர்ந்துவிடும், அதுவும் லாபம்தான்.

பழுதுக்கு வருகிறவற்றில் பாதி மின்சாரக் கோளாறு. கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் 9 வோல்ட், ஊசியின் நடுவில் மைனஸ். பல கீபோர்டு அடாப்டர்கள் 12 வோல்ட், நடுவில் பிளஸ். இரண்டின் ஊசியும் ஒன்றுபோலவே இருக்கும், கச்சிதமாகப் பொருந்தும், புகை வரும். ஓவர்டிரைவுக்கு 10 மில்லி ஆம்ப் அக்கம்பக்கம் போதும். லெக்ஸ் மாதிரியான டிஜிட்டல் பெடல் 250 மில்லி ஆம்ப் கேட்கும். ஒரே அடாப்டரில் மாலை கோர்த்த மாதிரி எல்லாப் பெடலையும் தொங்கவிட்டால் ஒன்று அணைந்து அணைந்து எரியும், இல்லையென்றால் கீச்சென்று ஒரு இரைச்சல் கூடவே பாடும். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெடலென்றால் அடாப்டரில் 110 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருக்கிறதா, 100 முதல் 240 வரை என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு பிளக்கில் வையுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230.

குளச்சல், முட்டம், குறும்பனை என்று கடற்கரையோரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்று பெடலின் ஜாக்கில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் வேறு. வாசித்து முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மிதிக்கும்போது "கர்" என்று வந்தால் கான்டாக்ட் கிளீனர் போதும்; தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவந்த ஒருவருக்கு நான் சுவிட்சையே மாற்றவேண்டி வந்தது.

கருங்கல் தம்பி மோனோ அவுட்டில் போட்டு, பாட்டின் சரணம் வரைக்கும் மெதுவான வேகத்திலேயே வைத்து, கடைசி வரிக்கு மட்டும் மிதித்தானாம். உயரமான கூரை உள்ள சபைகளில் எதிரொலி ஏற்கெனவே இருக்கும். வேகத்தை முழுநேரமும் வைத்தால் கூழாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன்.

இனி யாராவது பெடல் கொண்டுவந்தால் அதன் அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.