பறக்கிறவன் காலை வாருவது எப்படி?

அல்சூரில் நண்பன் வீட்டு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம்: ஆளுக்கொரு பாத்திரமாகக் கற்பனைக் கதையில் இறங்கி, பகடை உருட்டி முடிவு செய்கிற விளையாட்டு. 60 அடி உயரத்தில் வட்டமடித்த வைவர்ன் என்ற சிறகுள்ள டிராகன் மேல் அம்பை விட்டுவிட்டு "ட்ரிப் அட்டாக்", அதாவது காலை வாரும் அடி, என்றான் எங்கள் வில்லாளி. ஆட்டத்தை நடத்தும் டிஎம் சிரித்தான்: "காலே தரையில இல்ல மச்சி, எதைடா வாருவ?" சண்டை முடிவதற்குள் டீ ஆறிப்போனது.

கேள்வி நியாயமானதுதான். உடம்பின் எடை பாதங்களுக்கு நடுவே இறங்குகிற மட்டும்தான் நிற்கிறோம். பாதத்தைத் தட்டிவிட்டால் சாய்கிறோம். நாலு கால் இருந்தால் சாய்ப்பது கஷ்டம். இந்த ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் 2003இல் வந்த 3.5 பதிப்பு அதற்கென்றே நாலுகால் பிராணிகளுக்குப் பகடை எண்ணோடு +4 கூட்டிக் கொடுக்கிறது.

பறக்கிறதற்கு எது பாதம்? சிறகு கீழே தள்ளுகிற காற்றுதான். சிவாஜிநகர் கறிக்கடைகளுக்கு மேலே சுற்றும் பருந்துகளைக் கவனியுங்கள். சிறகை அடிக்காமல், வாலை மட்டும் திருகித் திருகிச் சமாளிக்கும். ஆடிக் காற்றில் பட்டம் விடுகிற நாட்களில், மாஞ்சா நூல் ஒரு சிறகில் மாட்டிய பருந்து ஒன்றைப் பார்த்தேன். கால் இரண்டும் பத்திரமாக இருந்தன. ஒரு பக்கம் தூக்குவிசை போனதும் உடம்பு உருண்டது, மறு சிறகு வீணாக அடித்தது, பொத்தென்று தென்னை மட்டையில் விழுந்தது. வானத்தில் காலை வாருவதென்றால் இதுதான்.

2009இல் 3.5 விதிகளை ஒட்டி வந்த பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டம், பறப்பவற்றை வாரவே முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. வாக்குவாதத்துக்கு வேலையில்லை, ஆனால் அந்தப் பருந்தைப் பார்த்தவன் ஒத்துக்கொள்ள மாட்டான். 3.5 பதிப்பில் சிறகுள்ள பிராணி குறைந்தபட்ச வேகத்தை இழந்தால் முதல் ரவுண்டில், அதாவது எல்லோரும் ஒருமுறை ஆடி முடிக்கிற சுற்றில், 150 அடி விழும். விமானிகள் ஸ்டால் என்பார்களே, அதே சமாச்சாரம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் சுருக்கம்: பறக்கும்போது குப்புறத் தள்ளப்பட்டால் விழும், அந்தரத்தில் மிதக்கத் தெரிந்ததும், மந்திரம் தாங்கிப் பிடிப்பதும் விழாது. 'எது தாங்குகிறது?' என்று கேட்கிற விதி இது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆட்டக் கணக்கில் ஒரு ரவுண்ட் 6 விநாடி. காற்றுத் தடை இல்லையென்றால் அதற்குள் 176 மீட்டர், ஏறத்தாழ 580 அடி விழலாம். ஐந்தாம் பதிப்புக்கு 2017இல் கூடுதல் விருப்ப விதியாக வந்த, ரவுண்டுக்கு 500 அடி என்ற கணக்கு கிட்டத்தட்ட சரி. 3.5 சொன்ன 150 கஞ்சத்தனம்தான். சிறகை விரித்தபடி சரிகிறது என்று வைத்துக்கொண்டால் மன்னிக்கலாம்.

விழுந்தால் படும் காயத்தின் கணக்கு, 10 அடி உயரத்துக்கு ஒரு ஆறுமுகப் பகடை. விழும் ஆற்றலும் உயரத்துக்கு நேர் விகிதத்தில்தான் ஏறும், ஆகவே பொருத்தம். ஆனால் 20 பகடையோடு, அதாவது 200 அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் சொச்சம்; பாராசூட் விரிக்காத மனிதன் 200 கிலோமீட்டர் வரை போவான். எலிக்கும் யானைக்கும் ஒரே பகடை என்பது இன்னொரு கூத்து.

எங்கள் வைவர்னுக்கு 60 அடி. தரைக்கு வர இரண்டு விநாடிகூட ஆகாது, சுதாரிக்க நேரமேது? புத்தகத்தைப் புரட்டிய டிஎம் முனகிக்கொண்டே ஆறு பகடையை உருட்டினான்.

அடுத்த ஞாயிறு அவன் இறக்கியது பிஹோல்டர்: சிறகே இல்லாமல் அந்தரத்தில் மிதக்கிற கண்ணுருண்டை. வில்லாளி அம்பைத் தூணியிலேயே திரும்பப் போட்டுக்கொண்டான்.