பைபோலாரா? அவசரப்பட்டு வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், ஈ.எஸ்.ஐ. இருக்கிறது

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருத்தருக்கு பைபோலார், அதாவது இருமுனை மனநோய் என்று டாக்டர் சொன்னதும் வீட்டார் முதலில் செய்வது கணக்கு முடித்து அவரை வேலையை விட்டு நிறுத்துவதுதான். "நல்லானதும் வேற கம்பெனி பார்த்துக்கலாமுங்க" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மாசாமாசம் சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களே, அது காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மட்டும் இல்லை.

சாதாரண நோய்க்காலப் பணம், வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும். அந்த 91 நாளும் தீர்ந்த பிறகுதான் முக்கியமான விஷயம் வருகிறது. நீண்டகால நோய்கள் என்று ஈ.எஸ்.ஐ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. காசநோய், புற்றுநோயோடு பைபோலாரும் அதில் உண்டு, 'மேனிக் டிப்ரசிவ் சைக்கோசிஸ்' என்ற பழைய பெயரில். அதற்கு 80 சதவீதம், 2 வருஷம் வரை கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் 2 வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, அந்தக் காலத்தில் 156 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். நடுவில் நின்று வேறு கம்பெனி மாறிக்கொண்டே இருந்தால் இடிப்பது இங்கேதான்.

தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி, அங்கிருந்து சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. லீவு சர்டிபிகேட் விட்டுப்போகாமல் வாங்கிக்கொண்டே வர வேண்டும்.

சரி, வீட்டில்? மேனியா, அதாவது அளவுமீறிய உற்சாகம் ஏறியிருக்கும்போது ஆள் தூங்க மாட்டார், உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். தட்டு வைத்துக் கெஞ்சுவதைவிட நடந்துகொண்டே தின்கிற மாதிரி இட்லியோ வாழைப்பழமோ கையில் கொடுங்கள், தண்ணீரும் அடிக்கடி. வாதம் பண்ணாதீர்கள். வண்டிச் சாவி, ஏ.டி.எம். கார்டு உங்களிடம் இருக்கட்டும். மனச்சோர்வுப் பக்கம் சாய்ந்து "இருந்து என்ன பண்ண" என்று பேச ஆரம்பித்தால் தனியே விடக்கூடாது. தோட்டத்து வீடுகளில் பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள், மாத்திரைகளையும்தான்.

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம். பிரஷர் என்று திடீரென உப்பைக் குறைப்பது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் தறி ஓட்டுவது, முதுகு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது, எல்லாமே ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரி. லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுப்பார்கள், காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

திரும்ப வேலைக்குப் போகும்போது நைட் ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். தூக்கம் கெட்டாலே மேனியா திரும்பிவிடலாம். ஆர்டர் நெருக்கும் நேரத்தில் கம்பெனி முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத தறிக்காரர், தோட்ட வேலைக்காரர் எல்லாம் கோவை ஜி.எச்., பெருந்துறை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அங்கே மருந்துக்குக் காசு இல்லை. நோயாளியைச் சங்கிலி போட்டுக் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது, எந்தக் கோயிலானாலும். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.