இந்தியாவில் ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள்

பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்காகத் திருகோணமலையிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் உண்டு. அங்கே ஸ்கேன் நிலையத்தில் ஒரு பலகை இருக்கும்: கருவின் பாலினம் சொல்லப்படாது, சொல்வது குற்றம். இங்கே கேட்டால் சொல்லும் டொக்டர்களும் இருப்பதால், நம்மவர்கள் அங்கேயும் சிரித்தபடி கேட்டுவிடுகிறார்கள்.

இது 1994ஆம் ஆண்டுச் சட்டம். வாயால் மட்டுமல்ல, சைகையாலும் சொல்லக்கூடாது. 2003 திருத்தத்துக்குப் பிறகு, கரு உருவாகும் முன்பே ஆணா பெண்ணா என்று தெரிந்தெடுப்பதும் தடை. சொல்லும் டொக்டருக்கு 3 ஆண்டு வரை சிறை, 10,000 இந்திய ரூபாய் வரை அபராதம். கேட்டுப் போகிறவருக்கும் 3 ஆண்டு வரை சிறைதான், ஆனால் அபராதம் 50,000 வரை! கர்ப்பிணியைக் கணவனோ உறவினரோ வற்புறுத்தியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மாமியார்மார் கவனிக்க.

ஸ்கேனுக்கு முன் ‘எஃப் படிவம்’ தருவார்கள். ஏற்கெனவே எத்தனை ஆண், எத்தனை பெண் பிள்ளைகள் என்று கேட்டிருக்கும். பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று தாய் கையெழுத்திட வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் நிலையம் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் அவர்கள் அப்படிக் கெடுபிடி பண்ணுகிறார்கள்.

ஏன் இவ்வளவு? பெண் என்று தெரிந்தால் கருவைக் கலைத்துவிடுகிறவர்கள் இருப்பதால்தான். இந்தியாவில் 6 வயது வரையான 1000 ஆண் பிள்ளைகளுக்கு 1991இல் 945 பெண் பிள்ளைகள், 2011இல் 919. ஏழ்மைதான் காரணம் என்று நினைத்தால் தவறு. வசதியான பஞ்சாபில் 846, ஹரியானாவில் 834. அங்கே காணி மகனுக்கு, வயதான காலத்தில் இருப்பதும் மகன் வீட்டில், மகளுக்குச் சீதனம் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அப்புறம், இரண்டு பிள்ளை போதும் என்றானபோது ஸ்கேன் மெஷினும் வந்து சேர்ந்தது.

நம் பக்கம் கணக்கு வேறு. மூதூரிலோ கிண்ணியாவிலோ வீடு மகளுக்குத்தான் எழுதப்படும். மருமகன்தான் பெட்டியோடு வருவார். தாய் தகப்பனைக் கடைசியில் பார்ப்பதும் பெரும்பாலும் மகள். அதற்காகப் பெண் பிள்ளை இங்கே சுமையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சீதன வீடு கட்டுவதற்கென்றே கட்டாருக்குப் போன தகப்பன்மாரைக் கேட்டால் தெரியும்.

‘ஆண் பிள்ளை நிச்சயம்’ என்று பேஸ்புக்கில் இந்தியச் சிகிச்சைக்கு ஆள் பிடித்தால் பணம் கட்டாதீர்கள். அங்கே அந்த விளம்பரமே குற்றம். பிள்ளையின் எடை, இதயத்துடிப்பு, நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் தாராளமாகக் கேட்கலாம். பதில் சொல்வார்கள்.