கமி: கமிஷனருக்குத் தூரத்துச் சொந்தம்

பக்கத்து வீட்டுப் பையன் கேட்டரிங் படித்து முடித்ததும் ஒரு நட்சத்திர ஓட்டலில் வேலை கிடைத்தது. பணி நியமனக் கடிதத்தில் பதவியின் பெயரை அவன் அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "காமிஸ் மூணா? என்னடா இது, கமிஷன் வேலையா? மாசச் சம்பளம் கிடையாதா?" என்று கேட்டார். பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். அன்று ராத்திரி அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அவர் கேட்டதில் பாதி சரி.

காமிஸ் என்பது ஓட்டல் சமையலறையில் கீழ்ப்படியில் இருக்கும் சமையல்காரரின் பதவிப் பெயர். சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே கடைசி 'ஸ்' ஒலிக்காது. அதனால் நம் ஓட்டல்காரர்கள் கமி என்கிறார்கள், சிலர் காமி என்பார்கள். 'ஒப்படைத்தல்' என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த பெயர் இது. அந்த வினைக்கும் மூலம், சேர்த்தல், ஒப்படைத்தல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். ஆக, கமி என்றால் 'பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்'. கமிஷன், கமிட்டி, கமிஷனர் எல்லாம் அதே லத்தீன் வேரில் முளைத்தவைதான். போலீஸ் கமிஷனரிடம் ஒரு நகரம் ஒப்படைக்கப்படுகிறது, நம் பையனிடம் ஒரு மூட்டை வெங்காயம். பிரான்சில் சமையற்கட்டுக்கு வெளியேயும் இந்தச் சொல் புழங்கியது. கடைக் கணக்கர், கீழ்நிலை எழுத்தர் போன்றவர்களையும் கமி என்றே அழைத்தார்கள்.

பெரிய ஓட்டல் சமையலறைகளில் இந்தப் படிநிலை நிலைபெற்றதற்கு முக்கியக் காரணம் அகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் ராணுவச் சமையல்காரராக இருந்தவர். 1890இல் லண்டன் சவாய் ஓட்டலின் சமையலறைக்குத் தலைமை ஏற்றார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்தார். இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே 'படைப்பிரிவு'. அதன் கடைநிலைச் சிப்பாய்தான் கமி. மேலே இருக்கும் 'செஃப்' என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் தலைவர் என்றுதான் பொருள், சமையலுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை. இங்கே கரண்டி பிடித்தவரெல்லாம் செஃப் ஆகிவிட்டது வேறு கதை.

நம் ஓட்டல்களில் கமி 3இல் சேர்ந்து, 2, 1 என்று எண்ணிக்கை குறையக் குறைய ஆள் உயர்கிறார். முதல் நாள் வேலை என்ன? பச்சை நிறப் பலகையில் காய்கறி நறுக்க வேண்டும், சிவப்பில் சமைக்காத இறைச்சி, நீலத்தில் மீன். பலகை மாறினால் திட்டு விழும். குளிர்பெட்டியில் வைக்கும் ஒவ்வொரு டப்பாவிலும் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். பழையது முன்னே, புதியது பின்னே. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் கிருமி பெருகும் என்பதால் சமைத்த பொருளை அந்த வெப்பத்தில் கிடக்க விடக்கூடாது. கேரட்டைத் தீக்குச்சி மாதிரி நறுக்கச் சொன்னால் எல்லாக் குச்சியும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்று தடித்திருந்தால் அது மட்டும் வேகாமல் நிற்கும்.

இந்த வேலைகளைத்தான் இப்போது தகுதித் தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சுற்றுலா, விருந்தோம்பல் துறைக்கான திறன் குழுமம் வகுத்த பணிகளில் கமியும் ஒன்று. பட்டயம் இல்லாமல் பல வருஷம் அடுப்படியில் நின்றவருக்கும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் சான்றிதழ் வாங்க வழி உண்டு. நம் ஊர்ப் பரோட்டா மாஸ்டர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இலங்கையில் இதே ஏற்பாட்டை ஏழு மட்டங்கள் கொண்ட தேசியத் தொழிற்தகைமை என்கிறார்கள். நாம் 'தகுதி' என்னும் இடத்தில் அவர்கள் 'தகைமை' என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போக நினைப்பவர்கள் இன்னொன்றும் கேள்விப்படுவார்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் சுற்றுலாப் பணியாளர்களின் தகுதியை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அப்போதிருந்த 10 நாடுகளும் 2012க்குள் கையெழுத்திட்டுவிட்டன. அதில் 32 பணிப் பெயர்கள், உணவு தயாரிப்புப் பிரிவில் மட்டும் ஏழு. கமி அங்கேயும் இருக்கிறார். ஒரு உறுப்பு நாட்டில் வாங்கிய தகுதிச் சான்றை மற்ற நாடும் மதிக்கும் என்பது ஏற்பாடு. வேலை செய்வதற்கான அனுமதி அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சமையல் உதவியாளர்' என்றுதான் பலருக்கும் உடனே தோன்றும். எனக்கு அதில் இரண்டு தடை. ஒன்று, நம் சத்துணவுத் திட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு பதவி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, உதவியாளர் உதவியாளராகவே இருந்துவிடலாம், கமி அப்படி இருக்க முடியாது, கற்றுக்கொண்டு மேலே போக வேண்டியவர். எடுபிடி, கையாள், ஹெல்பர் எதுவும் இதனாலேயே ஒத்துவராது.

பழந்தமிழில் மடை என்றால் சமையல், படையல். கோயில் மடைப்பள்ளியில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. மணிமேகலையில் நாடக மகளிர் கற்கும் கலைகளோடு 'மடைநூல் செய்தி'யும் வருகிறது. சமையலுக்கென்று நூல் வைத்துப் படித்திருக்கிறார்கள். சமைப்பவர் மடையர். ஆனால் மடமையிலிருந்து வந்த இன்னொரு மடையன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டான். நியமனக் கடிதத்தில் 'மூன்றாம் நிலை மடையர்' என்று போட்டால் பையன் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். தென்மாவட்டத்துத் தவசிப்பிள்ளை அழகான சொல், ஆனால் கல்யாணப் பந்தல் வாசனை அதை விட்டுப் போகாது.

எனக்குக் கை கொடுத்தது காவல்துறை. இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று அங்கே எண் குறைந்து பதவி ஏறுகிறது, கமி வரிசையும் அப்படித்தானே. எனவே கமி 3, மூன்றாம் நிலைச் சமையலர். அப்புறம் இரண்டாம் நிலை, முதல் நிலை. அதற்கு மேல் பகுதிப் பொறுப்பாளர், துணைத் தலைமைச் சமையலர், தலைமைச் சமையலர். எண் வேண்டாத இடத்தில் பொதுவாக 'இளஞ்சமையலர்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவை பாடநூலுக்கும் சான்றிதழுக்கும் ஆனவை. இரவு ஒன்பது மணிக்கு ஆர்டர் குவியும்போது "கமி, வெங்காயம்!" என்று கத்த இரண்டெழுத்துதான் தோது. அப்போது யாரும் "மூன்றாம் நிலைச் சமையலரே" என்று கூப்பிட மாட்டார்கள், கூப்பிடவும் வேண்டாம்.