கிருபை: எங்கிருந்து வந்த சொல், தமிழில் எப்படிச் சொல்வது?

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்று பதில் வரும். அந்த ஆளையே நிறுத்தி, கிருபை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். இரக்கம் என்பார், தயவு என்பார், ஆசீர்வாதம் என்பார், ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போனவராக இருந்தால் "தகுதியில்லாதவர்களுக்குத் தேவன் காட்டும் தயவு" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். ஒப்பிப்பது சரிதான், தப்பே இல்லை. ஆனால் கிருபை என்ற சொல்லுக்குள் அந்தத் "தகுதியில்லாத" எங்கே இருக்கிறது என்று தேடினால் உடனே கிடைக்காது. அதற்குக் கொஞ்சம் தோண்ட வேண்டும்.

கிருபை வடசொல். கிருபா என்பது தமிழுக்கு வந்து ஐகாரம் ஏறிக் கிருபை ஆனது. மனம் கசிதல், பரிதாபப்படுதல் என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். அதே வேரில் பிறந்த கிருபணன் என்ற சொல்லுக்கு முதலில் பரிதாபத்துக்குரியவன் என்று பொருள், பிறகு அது கஞ்சன் என்று மாறிவிட்டது, தமிழ் அகராதியிலும் உலோபி என்றே இருக்கிறது. இந்தச் சொல்லின் பழைய முகத்தைப் பார்க்க மகாபாரதத்துக்குப் போகலாம். கிருபாசாரியார் என்று ஒருவர் வருவாரே, அவருக்கு ஏன் அந்தப் பெயர்? காட்டில் நாணல் புதரில் இரண்டு பச்சைக் குழந்தைகள் கிடக்கின்றன, வேட்டைக்குப் போன சந்தனு மன்னனிடம் வந்து சேர்கின்றன, அவன் பரிதாபப்பட்டு அரண்மனைக்குக் கொண்டுபோய் வளர்க்கிறான். கிருபையால் வளர்ந்ததால் பையனுக்குக் கிருபன், பெண்ணுக்குக் கிருபி என்று பெயர். யார் பெற்ற பிள்ளை என்று அப்போது தெரியாது, கேட்க ஆளில்லை, குழந்தைகள் செய்த நல்ல காரியம் என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

பைபிள் தெரிந்தவர்களுக்கு இங்கே எசேக்கியேல் 16 ஞாபகம் வரும். பிறந்த அன்றே வெளியே எறியப்பட்ட, தொப்புள்கொடி கூட அறுக்கப்படாத ஒரு பெண் குழந்தையைக் கடந்து போகிறவர் பார்த்து, "பிழைத்திரு" என்கிறார். எருசலேமைப் பற்றித் தேவன் சொல்லும் கதை அது. அந்த அதிகாரத்தைப் படித்தபிறகு கிருபை என்ற சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்ததில் எனக்குப் பெரிய குறை தோன்றவில்லை.

அவர்கள் அதைப் புதிதாக உண்டாக்கவும் இல்லை. இந்த ஊரில் பக்திப் பேச்சில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த சொல்தான். வைணவத்தில், குறிப்பாகத் தென்கலையார், "நிர்ஹேதுக கிருபை" என்பார்கள், அதாவது காரணமே இல்லாமல் வரும் கிருபை. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும் என்று வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதும் இந்த வாதத்தில்தான். லூத்தரன் போதகர் ஒருவரும் தென்கலை அறிஞர் ஒருவரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியே சாயங்காலம் வரை பேசலாம்.

சரி, இப்போது புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் நாம் கிருபை என்று படிக்கிற இடங்களில் பெரும்பாலும் இருப்பது காரிஸ் என்ற சொல். சுமார் 155 இடங்களில் வருகிறது, அதில் பெரும்பகுதி அப்போஸ்தலன் பவுலின் நிருபங்களில், அதாவது கடிதங்களில். மத்தேயுவிலும் மாற்குவிலும் ஒரு தடவை கூட இல்லை. யோவான் சுவிசேஷத்தில் முதல் அதிகாரத்தோடு சரி. காரிஸ் என்பது மகிழ்ச்சியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்கர்களுக்கு அது அழகு, இனிமை, தயவு, நன்கொடை, அந்த நன்கொடைக்குத் திருப்பிச் சொல்லும் நன்றி, எல்லாமே. ஆக, கிருபா கண்ணீரில் தொடங்குகிறது, காரிஸ் சந்தோஷத்தில் தொடங்குகிறது. இது சின்ன வித்தியாசம் இல்லை.

அன்றைய கிரேக்க, ரோம உலகத்தில் காரிஸ் ஒரு சமூக ஏற்பாடும் கூட. பெரிய மனிதர் ஒருவர் உதவி செய்வார், வாங்கியவர் நன்றியோடும் விசுவாசத்தோடும் இருப்பார், மறுபடி உதவி வரும். அதனால் கொடுக்கிறவர் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், தகுதியானவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அறிவுள்ளவர்களின் ஆலோசனை. பவுல் அந்தச் சொல்லையே எடுத்து, நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார். ஞாயிறு பள்ளி விளக்கத்தில் இருக்கும் "தகுதியில்லாத" இங்கிருந்து வருகிறது. சொல்லுக்குள் அது இல்லை, சிலுவையைப் பார்த்தபின் பவுல் அந்தச் சொல்லுக்கு ஏற்றிய பொருள் அது. ரோமர் 4:4 இதைக் கடைக் கணக்கு போல எழுதி வைத்திருக்கிறது: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்."

பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரெயப் பக்கம் விஷயம் இன்னும் சிக்கல். அங்கே முக்கியமாக இரண்டு சொற்கள். ஒன்று ஹேன். நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் "கிருபை கிடைத்தது" என்ற இடத்தில் இருப்பது இதுதான், ரூத் போவாஸைப் பார்த்து எனக்கு எதினாலே உம்முடைய கண்களில் "தயை கிடைத்தது" என்று கேட்கும் இடத்திலும் இதேதான். இன்னொன்று ஹெசெத். சங்கீதம் 136இல் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது ஹெசெத். உடன்படிக்கை செய்துகொண்டவர் எதிராளி பிசகினாலும் தான் பிசகாமல் நிற்கிற அன்பு என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மீகா 6:8இல் "இரக்கத்தைச் சிநேகித்து" என்று வருவதும் ஹெசெத்தான்.

அப்புறம் இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், மார்பில் அடித்துக்கொண்டு "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றானே, அங்கே காரிஸும் இல்லை, ஹெசெத்தும் இல்லை. பாவநிவாரணத்தோடு சம்பந்தப்பட்ட வேறொரு கிரேக்கச் சொல், கிருபாசனம் என்று நாம் சொல்லும் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியின் பெயரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆக, மூலத்தில் நாலு சொல் இருக்கும் இடத்தில் நமக்கு ஒரே கிருபை. இதனால் நஷ்டம் மட்டும் என்று சொல்ல மாட்டேன், நாலு ஓடையும் ஒன்றாகச் சேர்ந்ததில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. ஆனால் பிரசங்கம் தயாரிக்கிறவர் தமிழ் ஒத்தவாக்கியத்தை (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூலை) மட்டும் புரட்டிக் கிருபை வரும் வசனங்களையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டினால் தடுக்கி விழுவார்.

தமிழில் இந்தக் கருத்துக்குச் சொல் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, போர்த்துக்கீசியச் சொற்களை ஒதுக்கிவிட்டு இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிய கோவில், குரு, பூசை, பிரசாதம், அருள் என்ற சொற்களைக் கையாண்டார். பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில் (மறைக்கல்விப் பாடத்தில்) "இஷ்டப்பிரசாதம்" என்று படித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பொங்கல் பிரசாதம் இல்லை, தேவ அருளைத்தான் அப்படிச் சொன்னார்கள். பாட்டிமார்கள் ஜெபமாலையில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று சொல்வதும் இதே இடம்தான், பின்னால் அது "அருள் நிறைந்த மரியே வாழ்க" ஆயிற்று. புரொட்டஸ்டன்ட் பக்கம் ஹென்றி பவர் குழுவின் பைபிள் திருப்புதல் (மொழிபெயர்ப்பு) 1871இல் வந்தபிறகு கிருபை அசைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. 1995இல் வந்த திருவிவிலியம், இரண்டு பக்கமும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு, காரிஸுக்கு அருள் என்றும் ஹெசெத்துக்குப் பேரன்பு என்றும் பிரித்தது. "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று முதலில் கேட்கும்போது பழைய காது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் பிரித்தது நல்ல வேலை.

என்னைக் கேட்டால் காரிஸுக்குத் தமிழில் அருள்தான் நேர்ச்சொல். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. கிருபை பெயர்ச்சொல் மட்டும், அதை வினையாக்க அளி, செய், பாராட்டு என்று இன்னொன்றைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். அருள் பெயரும் வினையுமாக ஒருசேர நிற்கும். அருள்கிறார், அருளினார், அருள்வார். தருகிற செயலே சொல்லுக்குள் இருக்கிறது. பழைய திருப்புதல் வாசிப்பவர்களும் "கேட்டருளும்" என்றுதான் ஜெபிக்கிறார்கள். 1 கொரிந்தியர் 15:10இல் பவுல் பேசும்போது, அந்தத் திருப்புதலே "எனக்கு அவர் அருளிய கிருபை" என்று எழுதுகிறது. கிருபைக்கு வினை தேடியபோது கையில் கிடைத்தது அருள்.

வயதும் அதிகம் இந்தச் சொல்லுக்கு. குறுந்தொகை 20இல் பொருள் தேடப் போகிற கணவனைப் பற்றி, "அருளும் அன்பும் நீக்கித் துணைதுறந்து" போகிறான் என்று ஒருத்தி சொல்கிறாள். குறள் அருளுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்து, முதல் பாட்டிலேயே அருட்செல்வத்தையும் பொருட்செல்வத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. உறவுக்காரர்கள்மேல் வைப்பது அன்பு, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். தொடர்பு பார்க்காமல் என்பது பவுலுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது! திருவாசகத்தின் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" இன்னும் நெருக்கம், வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும் என்கிறது.

கோயில் பெயர்ப்பலகையில் "அருள்மிகு" இருக்கிறது, சாமியாடுவதையும் "அருள் வந்தது" என்கிறார்கள், அதனால் நமக்கு வேண்டாம் என்று சிலர் தயங்குவார்கள். கிருபையும் அதே தெருவிலிருந்து வந்ததுதான், கிருபானந்த வாரியார் சைவர் என்பதை ஞாபகப்படுத்தினால் போதும். கத்தோலிக்கர்களுக்கு இந்தத் தயக்கம் இருந்ததில்லை. யோவான் என்ற எபிரெயப் பெயருக்கு யாவே அருள்கூர்ந்தார் என்று பொருள், அதைப் பொருள் பார்த்து அருளப்பர் என்று அழகாகத் தமிழாக்கினார்கள். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனதும் அப்படித்தான்.

இதற்காகக் கிருபையைத் துரத்த வேண்டியதில்லை. எழுதும்போதும் புதிதாக ஒருவருக்கு விளக்கும்போதும் அருள் என்று சொல்லுங்கள், அம்மா ஜெபிக்கும்போது கிருபை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு, சபைக்குள் கிருபை போய்ச் சேர்ந்திருக்கும் புதுப் பொருள். "அந்த பிரதருக்குப் பாடுற கிருபை இருக்கு", "அந்தப் பாஸ்டருக்குப் பயங்கரமான கிருபை" என்கிறார்கள். திறமை என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால் கிருபை என்கிறோம். கன்வென்ஷன் போஸ்டரில் ஆள் உயரப் படத்துக்குக் கீழே "கிருபை பெற்ற தேவ ஊழியர்" என்று அச்சடிக்கும்போது அது பட்டமாகிவிட்டது. ஆராதனை முடிந்து யாராவது "பாட்டு ரொம்ப நல்லாயிருந்தது" என்றால், "ஐயோ, எல்லாம் கிருபை" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறோம். "நானெல்லாம் ஒண்ணுமே இல்ல பிரதர்" என்பதும் தாழ்மை ஆகாது. பவுல் அப்படிப் பேசவில்லை. அந்த 1 கொரிந்தியர் 15:10இலேயே "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, பிறகுதான் "ஆகிலும் நான் அல்ல" என்கிறார். உழைப்பை மறைக்கவில்லை, அதற்கான பலம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடவும் இல்லை.

ஆட்டோ கண்ணாடியிலும் வீட்டு நிலைக்கு மேலேயும் ஒட்டியிருக்கும் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசனம், தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய வேதனையை எடுத்துவிடும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில் (2 கொரிந்தியர் 12:9). முள் போகவில்லை. ஜெயம், உயர்வு என்ற அர்த்தத்தில் அதை ஒட்டிவைக்கிறவர்கள் முந்தின இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்தால் நல்லது.

லூக்கா 6:32இல் "உங்களைச் சிநேகிக்கிறவர்களையே நீங்கள் சிநேகித்தால், உங்களுக்குப் பலன் என்ன?" என்று இயேசு கேட்கிறார். பலன் என்று நாம் படிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் காரிஸ்தான். திருப்பித் தருகிறவனுக்கே கொடுத்தால் அதில் என்ன அருள் இருக்கிறது என்று கேட்பது போல. 2 கொரிந்தியர் 9:15இல் "அவருக்கு ஸ்தோத்திரம்" என்பதும் காரிஸ், வாங்கியது நன்றியாகத் திரும்பிப் போகிறது.

அதற்கு முந்தின அதிகாரத்தில் இன்னொரு காரிஸ். எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் அந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார், நம் திருப்புதலில் அது "தர்மகாரியம்" ஆகிவிட்டதால் தொடர்பு கண்ணில் படுவதில்லை. மக்கெதோனியாக்காரர்கள் கொடிய தரித்திரத்திலும் வருந்திக் கேட்டுக்கொண்டு கொடுத்த பணம் அது. அதைப் பவுல் தன்னந்தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட்டிக்கொண்டு போகிறார், இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று காரணமும் எழுதிவைக்கிறார்.