பிளஸ் ஒன் குரூப்: கணக்கையும் உயிரியலையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் பள்ளி அலுவலகத்தின் முன் பெற்றோர் கூட்டம் சேர்ந்துவிடும். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டுதலும் என் பொறுப்பில் இருப்பதால் அந்த நாட்களில் பாதி நேரம் சேர்க்கை மேசையிலேயே போகும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், இந்த மார்க்குக்கு எந்தக் குரூப் கிடைக்கும்?” கிடைக்கிற குரூப் எது என்று மார்க் பட்டியலைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தக் குரூப்பை எடுத்தால் இரண்டு வருடம் கழித்து எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பாடத்திட்டத்தில் மேல்நிலையில் ஆறு பாடங்கள். மொழிப்பாடமும் ஆங்கிலமும் எல்லோருக்கும் உண்டு. மீதி நான்கு பாடங்கள்தான் குரூப். அந்த நான்கில் எதிர்காலப் படிப்பைக் கறாராகக் கட்டுப்படுத்துபவை கணக்கும் உயிரியலும். பிளஸ் டூவில் இந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இந்த இரண்டோடும், இவற்றோடு சேர்ந்து வரும் இயற்பியல், வேதியியலோடும் கட்டப்பட்டிருக்கிறது. சட்டம், இதழியல், ஓட்டல் மேனேஜ்மென்ட், வடிவமைப்பு, ஆங்கில இலக்கியம், தமிழ் இலக்கியம் இவற்றுக்கெல்லாம் எந்தக் குரூப்பிலிருந்தும் போகலாம். அதனால் வீட்டில் பேசும்போது ‘என்ன வேலைக்குப் போவான்?’ என்று தொடங்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கணக்கு வேண்டுமா, உயிரியல் வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடித்தால் குரூப் தானாக முடிவாகிவிடும்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டில் அரசு நடத்தும் கவுன்சலிங் வழியான பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘பிள்ளை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறான், அதனால் பிளஸ் ஒன்னிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும்’ என்று நினைத்து, வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் அந்தக் குரூப்பில் இடம் இல்லையென்று பத்து கிலோமீட்டர் தள்ளிப் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். அது தேவையே இல்லை. கணக்கும் உயிரியலும் சேர்ந்த பயோ மேத்ஸ் குரூப் படித்தவரும் அதே கவுன்சலிங்கில், அதே கட்-ஆஃபில், அதே கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்குப் போட்டியிடலாம். நேர்மாறாக, காமர்ஸ் குரூப்பில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்துவிட்டு, ‘கம்ப்யூட்டர் படித்திருக்கிறோமே, பி.இ. கிடைக்கும்’ என்று நம்பியிருக்கும் பிள்ளைகளும் உண்டு. கிடைக்காது. பிளஸ் டூ முடிந்த பிறகு இதை அவர்களிடம் சொல்வதுதான் என் வேலையிலேயே கடினமான பகுதி.

பி.ஆர்க். படிக்கவும் கணக்கும் இயற்பியலும் வேண்டும். தேசிய பாதுகாப்பு அகாடமியில் கடற்படைக்கும் விமானப்படைக்கும் இவற்றோடு வேதியியலும் வேண்டும். தரைப்படைப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பி.எஸ்சி. கணிதம் எடுக்கக் கணக்கு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பி.எஸ்சி. இயற்பியலுக்கும் பெரும்பாலான கல்லூரிகளில் கணக்கு கேட்பார்கள் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இயற்பியல் ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டு வந்து நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

உயிரியல் பக்கம் வருவோம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது எம்.பி.பி.எஸ்., அதற்கு நீட். மொத்தம் 720 மதிப்பெண், அதில் உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. கணக்கு பிடிக்காது என்பதற்காக ப்யூர் சயின்ஸ் எடுத்து டாக்டராகிவிடலாம் என்ற எண்ணம் எங்கே சிக்குகிறது என்றால் இயற்பியலின் அந்த 180-இல்தான். நீட் இயற்பியல் முழுக்கக் கணக்கீடு. வெக்டார், மடக்கை, கொஞ்சம் வகைநுண்கணிதம் இல்லாமல் அதில் நகர முடியாது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் ஆரம்ப அத்தியாயங்களே இவற்றோடுதான் வருகின்றன. ப்யூர் சயின்ஸ் வகுப்பில் அந்த அத்தியாயத்தை எடுக்கும்போது எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் அல்ல, அந்தக் கணக்கை அவர்களுக்கு வேறு யாரும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்பதால்.

ஆனால் உயிரியல் என்றாலே நீட் என்று நினைத்துவிட வேண்டாம். கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன, உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற கட்-ஆஃபில். பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை, மீன்வளம் இவற்றுக்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். பி.பார்ம். படிக்க இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நீட் எழுதித் தோற்றுவிட்டதாக நினைத்து ஒரு வருடம் வீட்டில் முடங்கிக் கிடந்த பிள்ளையை மறுவருடம் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க வைத்து, இடமும் கிடைத்தது. முதல் வருடமே விண்ணப்பித்திருந்தால் அந்தக் கண்ணீர் அவ்வளவும் மிச்சம். ஒன்று மட்டும்: இந்த விதிகள் மாறக்கூடியவை. பிளஸ் டூ முடிக்கிற வருடத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அண்ணனோ அக்காவோ சேர்ந்த வருடத்து விதியை நம்பக் கூடாது.

‘அப்படியானால் எல்லோரும் பயோ மேத்ஸ் எடுத்துவிடலாமே, இரண்டும் கைவசம் இருக்குமே’ என்பார்கள். இரண்டையும் உண்மையாகவே விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல குரூப். எதையும் விட மனசில்லாத பெற்றோருக்காக எடுத்தால் அதுவே பெரும் சுமை. கணக்குக்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும், உயிரியலுக்கு நாள்தோறும் வாசிப்பு வேண்டும். இரண்டிலும் சுமாராக 60, 65 வாங்கி வெளியே வரும் பிள்ளைக்குப் பொறியியலிலும் நல்ல கல்லூரி கிடைக்காது, கால்நடை மருத்துவத்திலும் கட்-ஆஃப் எட்டாது. பள்ளியிலும் சொந்தக்காரர்கள் மத்தியிலும் ‘பர்ஸ்ட் குரூப்’ என்ற பெயருக்கு இருக்கிற மரியாதையில் இந்தத் தவறு நடக்கிறது. அந்த மரியாதை ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். படிக்க வேண்டியது இரண்டு வருடம்.

காமர்ஸ் குரூப் பற்றி ஒரு குறை எனக்கு உண்டு. மார்க் குறைந்தவர்களுக்கான இடம் என்று அதைப் பார்க்கிறோம். 480 வாங்கிய பிள்ளை காமர்ஸ் கேட்டால் ஆசிரியர்களே ‘ஏம்மா மார்க்கை வீணாக்குறே’ என்கிறார்கள். சி.ஏ. ஆக நினைக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான குரூப் கிடையாது. பிளஸ் டூ முடித்ததும் எழுதும் சி.ஏ. பவுண்டேஷனில் நான்கு தாள்கள்: கணக்குப்பதிவியல், வணிகச் சட்டங்கள், அளவுசார் திறன், வணிகப் பொருளாதாரம். மூன்றாவது தாளைக் கவனியுங்கள், அது பெரும்பாலும் கணிதமும் புள்ளியியலும்தான். அதனால் காமர்ஸில் நான்காவது பாடமாக பிசினஸ் மேத்ஸ் கிடைக்கிற பள்ளி என்றால், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸுக்குப் பதிலாக அதை எடுக்கச் சொல்வேன், பிள்ளைக்குக் கணக்கில் பயம் இல்லாதபட்சத்தில். கம்ப்யூட்டரைப் பிறகு கற்றுக்கொள்ளப் பல வழிகள் இருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்த எந்தக் குரூப் மாணவரும் அதன் தகுதித் தேர்வுக்கு முயற்சி செய்யலாம். ஆனால் உள்ளே போனால் புள்ளியியலும் கணிதமும்தான் காத்திருக்கும்.

வரலாறு, புவியியல் இருக்கிற கலைப்பிரிவு குரூப் பல பள்ளிகளில் கைவிடப்பட்டு வருகிறது. நன்றாக எழுதுகிற, நாளிதழ் படிக்கிற, வாதாடுகிற பிள்ளைக்கு அதைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பது தவறே இல்லை. ஐந்தாண்டு சட்டப்படிப்புக்கு எந்தக் குரூப்பும் தடை இல்லை, போட்டித் தேர்வுகளின் பாடமோ பாதி இந்தப் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிறது. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாவது முடித்ததும் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமோ படித்தாலும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கையால் செய்து பார்த்துக் கற்கிற பிள்ளைகள் அந்த வழியில் வந்து நன்றாக நிலைத்திருக்கிறார்கள்.

சரி, பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பத்தாம் வகுப்பு மார்க் இதற்கு முழு சாட்சி ஆகாது. புத்தகக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டு 90 எடுத்தவர்கள் இருக்கிறார்கள். யோசித்துப் போட்டு, அவசரத்தில் பிழை விட்டு 70 எடுத்தவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்கிற வழி இது. பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தை அரசு தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கலாம். கோடை விடுமுறையில் கணக்கில் ஓர் அத்தியாயம், உயிரியலில் ஓர் அத்தியாயம், கணக்குப்பதிவியலில் ஓர் அத்தியாயம் என்று பிள்ளையையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். விடை தெரியாத ஒரு கணக்கோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது, எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே மறுபடி எடுத்தது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் எரிச்சலோடு மூடி வைத்தால் அதுவும் ஒரு பதில்தான். அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பன் எடுக்கிற குரூப், டியூஷன் சென்டர்காரர் சொல்கிற குரூப், மாமா பையன் படித்த குரூப், எல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

குரூப் எடுத்த பிறகு பிளஸ் ஒன் வருடத்தை அலட்சியமாக விடக் கூடாது. முன்பெல்லாம் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, முதல் வருடமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறைகிறது என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். அதே சமயம் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் பிளஸ் ஒன் பாடங்களிலிருந்து ஏராளமான கேள்விகள் வருகின்றன. கல்லூரி முதல் செமஸ்டரில் தடுமாறுகிற பிள்ளைகளைக் கேட்டால், பிளஸ் ஒன்னில் விட்டுப்போன அத்தியாயங்களைத்தான் சொல்வார்கள். எனவே சேர்க்கும்போதே பள்ளியில் கேளுங்கள்: “பிளஸ் ஒன் போர்ஷனை முழுசா நடத்துவீங்களா?”

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும், கடன் வாங்கியாவது பிளஸ் ஒன்னுக்குப் பெரிய தனியார் பள்ளியில் சேர்த்துவிட வேண்டும் என்ற வேகம் வருகிறது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறவும் அரசுப் பள்ளிப் படிப்பு கணக்கில் வருகிறது. கடைசி இரண்டு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்கு மாறினால் இதெல்லாம் கைவிட்டுப் போகும். டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு நாள் பொறுத்து, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

குரூப் தவறிவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? சீக்கிரம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில், வேறு குரூப்பில் இடம் இருந்தால் ஹெச்.எம். மாற்றிக் கொடுப்பார். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் நடத்தி முடித்த பாடங்களைப் பிடிப்பது கடினம். அதனால் ஜூன் கடைசியில் ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து, வகுப்பு எப்படிப் போகிறது, எந்தப் பாடத்தில் என்ன புரியவில்லை என்று கேளுங்கள். புதிய சூழல் பழகாத தயக்கம் என்றால் சில நாளில் சரியாகிவிடும். பாடமே ஒட்டவில்லை என்று பிள்ளை சொன்னால் மறுநாளே பள்ளிக்கு வாருங்கள். வேலைக்கு விடுப்பு கிடைக்கவில்லை, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை என்றால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் இலவச உதவி எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.